விற்பனைக்கு வெள்ளையடித்த வீடு

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அந்த ஓரமா விடுங்க, புது டைல்ஸு. வீடு பாக்கத்தானே வந்திருக்கீங்க? போன்ல விளம்பரத்தைப் பாத்துட்டுத்தானே? எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, வாசல்ல வந்து நின்னவரு கதவைத் தட்டாம மொதல்ல மதிலைப் பாத்தீங்க, அப்புறம் மொட்டை மாடியைப் பாத்தீங்க. எனக்கு மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். படியில கால் வச்சு ஒரு பார்வை பாத்தா போதும், இவன் டிக்கெட் எடுத்தவன், இவன் எடுக்காதவன்னு சொல்லிடுவேன். எடுக்காதவன் ஜன்னல் வழியா வயலை ரசிப்பான். அறுப்பு முடிஞ்சு வயல் வெறும் கட்டாந்தரையா கிடக்கும், அதையும் ரசிச்சுக்கிட்டிருப்பான். இந்தக் கலியபெருமாள் கண்ணுக்குத் தப்பி மன்னார்குடி ரூட்டுல ஒருத்தனும் போனதில்ல தம்பி.

ஆனா ஒண்ணு. வீடு விக்கிறதுக்கு இல்ல.

கோவிச்சுக்காதீங்க. அந்த விளம்பரத்தை புரோக்கர் இன்னும் எடுக்கல. எடுய்யா எடுய்யான்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், எடுக்கத் தெரியலங்கிறான். போடத் தெரிஞ்சுதாம், எடுக்கத் தெரியலயாம். அடிக்கடி இப்படி யாராவது வந்துடறாங்க. உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் காப்பி குடிக்காம போகக்கூடாது. ஏ மங்கை! தம்பி வந்திருக்காரு, வீடு பாக்க! சீனி எப்படி, கம்மியா? சீனி கம்மியாம்!

மங்கையர்க்கரசி, என் வீட்டுக்காரம்மா. சூதுவாது தெரியாதவ. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தரைப் பாக்க முடியாது.

வீடு பாக்க வந்தீங்க, பாக்காம போனா உங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். சுத்திக் காட்டுறேன், வாங்க. காட்டுறதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்ணினேன். ஏன் விக்கலங்கிறதையும் அப்படியே சொல்லிடறேன், இல்லன்னா மனுசன் வார்த்தை மாறிட்டான்னு நெனப்பீங்க.

என் பையன் அறிவழகன் ஓசூர்ல கம்பெனியில இருக்கான். கல்யாணமாகி ஒரு பொம்பளப்புள்ள இருக்கு. நான் ரிட்டையர் ஆனதும் அவன்தான் சொன்னான், "அப்பா, அங்க ரெண்டு பேரும் தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க? வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க. நாங்க இருக்குற அபார்ட்மெண்டுலயே பெருசா ஒரு ஃபிளாட் வாங்கிடலாம்"னு. எனக்கு சரின்னு பட்டுச்சு. போன்லயே சரின்னுட்டேன். மங்கையக் கேக்கலையான்னு பாக்குறீங்க. கேக்காம என்ன, போனை வச்சதும் சொல்லிட்டேனே. "உங்க இஷ்டம்"னா. கல்யாணமான நாள்லேருந்து என் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசினது கிடையாது.

ஓசூர் அவளுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். முன்னாடி ஒரு தடவ போய் கொஞ்ச நாள் தங்கியிருந்தோம். எட்டாவது மாடி. ஒரு குறை சொல்லல தம்பி. குறை என்ன, வாயே திறக்கல. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, புள்ள ஸ்கூலுக்குப் போயிடும், நான் டிவி பாப்பேன், இவ பால்கனியில போய் நின்னுக்குவா. ஒரு நாள் ரவா கேசரி கிண்டி, கிண்ணத்துல எடுத்துட்டுப் போய் பக்கத்து ஃபிளாட்டுல பெல் அடிச்சா. அந்தம்மா கதவை ஒரு சாண் தொறந்து, "நாங்க எதுவும் வாங்கறதில்ல"ன்னு சாத்திடுச்சு. விக்க வந்திருக்கான்னு நெனச்சுடுச்சு போலருக்கு. இவ திரும்பி வந்து அவ்வளவு கேசரியையும் எனக்கே வச்சா. அருமையான கேசரி. அவ்வளவு அமைதியான இடம், நம்மள யாரும் தொந்தரவே பண்ண மாட்டாங்க.

ஊருக்குத் திரும்பி வந்த அன்னிக்குக் கேக்கணும். கையில இருந்த பையக்கூட கீழ வைக்கல, நேரா கொல்லைப்பக்கம் போனா. பக்கத்து வீட்டுத் தையல்நாயகிகிட்ட பேச ஆரம்பிச்சா பாருங்க, அன்னிக்கு நான் கடையில இட்லி வாங்கித் தின்னுட்டுப் படுத்தேன். ஓசூரைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டிருந்திருப்பா.

சரி, விக்கிறதுன்னு ஆச்சு. யாரை வச்சு விக்கிறதுன்னு நான் யோசிச்சுக்கிட்டிருந்தப்ப, மங்கைதான், "நம்ம பக்கிரிசாமி அண்ணனைக் கேளுங்களேன்"னு எடுத்துக் கொடுத்தா. பக்கிரிசாமி அவளுக்கு ஒன்னுவிட்ட அண்ணன், இந்த ஊர்லயே வீடு மனை புரோக்கர். கைக்குள்ளயே ஆளை வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் தேடியிருக்கேன்.

பக்கிரிசாமி வந்து வீட்டைச் சுத்திப் பாத்தான். மூஞ்சியச் சுளிச்சான். "மாப்ள, இப்படியே காட்டினா அடிமாட்டு விலைக்குக் கேப்பான். மொதல்ல ரிப்பேர் பாருங்க. பரணைக் காலி பண்ணுங்க. வெள்ளையடிங்க. அப்புறம் ஒண்ணு, வீடு விக்கிற சமாச்சாரம் தெருவுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வாங்க வர்றவன்கிட்ட நாலு பேரு நாலு விதமா சொல்லுவான், தண்ணி உப்பும்பான், வாசல் நிலை சரியில்லம்பான். அட்வான்ஸ் கை மாறுற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க"ன்னான். அனுபவஸ்தன் பேச்சு. எனக்கும் நியாயமாப் பட்டுச்சு.

இப்ப இங்க வாங்க, அடுப்படி. இந்தக் குழாயப் பாருங்க, தொறங்க, சும்மா தொறந்து பாருங்க. எப்படிக் கொட்டுது! முன்ன இங்க குழாயே கிடையாது. கொல்லைக்குப் போய்தான் தண்ணி எடுத்துட்டு வரணும். மங்கை வந்த புதுசுலேருந்து ஒரு குழாய் வச்சுக் குடுங்க, வச்சுக் குடுங்கன்னு சொல்லிக்கிட்டிருப்பா. நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவேன். நான் பஸ் பஸ்ஸா ஏறி இறங்கலயா? ஆனா வீடு விக்கிறப்ப அவ ஒரு வார்த்தை சொன்னா, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, பழகிடுச்சு. வர்றவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?" யோசிச்சுப் பாத்தேன். சரிதானே? நாளைக்கு இந்த வீட்டுக்கு வர்ற பொம்பள குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைவாளா? நல்லாவா இருக்கும்? மறுநாளே பிளம்பரக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அதோட இந்த மேடை. தாழ்வா இருந்துச்சு, குனிஞ்சு குனிஞ்சு இவளுக்கு இடுப்பு வலி. இடுப்பு வலி யாருக்குத்தான் இல்ல? ஆனா, "வர்றவங்க உயரமா இருந்தா?"ன்னா. உடைச்சு ஒசத்திக் கட்டினோம். சரியா இவ உயரத்துக்கே அமைஞ்சுடுச்சு பாருங்க, அதான் அதிர்ஷ்டங்கிறது. புகை போக அந்த ஃபேன். வர்றவங்களுக்கு இருமல் இருந்தா பாவம்ல.

இது குளியலறை. இந்தத் தாப்பாள் புதுசு. இதுக்கு ஒரு கதை இருக்கு. பழைய தாப்பாள் எப்பவோ பேந்து போச்சு. நான் ஒரு ஏற்பாடு பண்ணியிருந்தேன், உள்ள இருக்குறவங்க விட்டு விட்டு இருமிக்கிட்டே இருக்கணும். வெளியில வர்றவங்களுக்குத் தெரிஞ்சுடும்ல? காசு செலவில்லாத ஏற்பாடு. மருமக மொத தடவ வந்தப்ப, குளிக்கப் போன பொண்ணு இருமி இருமி தொண்டை கட்டி ஓசூர் போய் டாக்டரப் பாத்துச்சாம். இப்ப வர்றவங்களுக்காக இந்தத் தாப்பாள் போட்டது. நல்ல தாப்பாள்தான். இருந்தாலும் பழக்கம் விடல, நான் இப்பவும் இருமிக்கிட்டுத்தான் குளிக்கிறேன்.

பரணைப் பாருங்க. காலி. எனக்கு இன்னும் அங்க பாத்தா மனசு ஒரு மாதிரி பண்ணும். என்னென்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு கால் இல்லாத நாற்காலி, றெக்கை இல்லாத டேபிள் ஃபேன், மிக்சி வாங்கின அட்டைப் பெட்டி, டிவி வாங்கின அட்டைப் பெட்டி, அந்த டிவி, சைக்கிள் டயரு, சைக்கிள் வித்தாச்சு, டயரு மட்டும் இருந்துச்சு, ஒரு ஆளு உயரத்துக்குக் கல்யாணப் பத்திரிகைங்க. எல்லாமே ஒரு நாளைக்கு உதவும். "வர்றவங்க பரணைத்தான் மொதல்ல பாப்பாங்களாம், பக்கிரி அண்ணன் சொல்லுது"ன்னா. காயலான் கடைக்காரன் வண்டி கொண்டாந்து அத்தனையும் ஏத்திட்டான். வண்டி தெருமுனை திரும்புறப்ப என்னால தாங்க முடியல. ஓடிப்போய் அந்த ஃபேனை மட்டும் அவன் கேட்ட விலை குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். மங்கை அதை வாங்கித் துடைச்சு வாசப்பக்கம் வச்சா. அடுத்த நாள் வண்டி வந்தப்ப ஃபேன் அதுல போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னு தெரியல. தானா நடந்தா போகும்?

அவ சாமான் ஒண்ணும் போகலயான்னு கேக்குறீங்களா? அவளுக்கு என்ன சாமான் இருக்கு, அவ பொறந்த வீட்டுச் சீரு, பித்தளை அண்டாவும் தாம்பாளமும் குத்துவிளக்கும். அது பளபளன்னு இருந்தா வீட்டுக்கு ஒரு களை வருமாம், வர்றவங்க மயங்கிடுவாங்களாம். கொல்லையில புளியப் போட்டுத் தேச்சு வெயில்ல வரிசையா வச்சிருந்தா. வீடு வாங்க வர்றவன் குத்துவிளக்கப் பாத்தா மயங்குவான்னு நானும் விட்டுட்டேன்.

இப்பத்தான் தம்பி வில்லங்கமே.

நம்ம பக்கம் எப்படி, பொங்கலுக்கு வெள்ளையடிச்சா அது பொங்கலுக்கு. பொங்கல் இல்லாம வைகாசியில ஒருத்தன் சாரம் கட்டி வெள்ளையடிச்சான்னா, அந்த வீட்டுல கல்யாணம். இதுல மாத்துப் பேச்சே கிடையாது. சுண்ணாம்பு வாடை தெருவுல போறதுக்குள்ள, "என்ன சார், வீட்டுல விசேஷமா?"ன்னு கேள்வி வந்துடுச்சு. பால்காரன் கேக்குறான், பூக்காரம்மா கேக்குது. தையல்நாயகி மதிலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து, "அண்ணே, என்ன விசேஷம், எங்ககிட்ட சொல்லக் கூடாதா?"ங்குது. சொல்லக் கூடாதுன்னுதானே பக்கிரிசாமி சொல்லியிருக்கான்! நான் சமயோசிதமா, "ஒரு விசேஷம்தான் தையலு, பொறவு சொல்றேன்"னுட்டேன். எப்படி! பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல.

அப்புறம் அது மங்கையக் கேட்டுச்சாம். "நீ என்ன சொன்னே?"ன்னு பதறிப்போய் கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலீங்க, சும்மா தலையக் குனிஞ்சு சிரிச்சேன்"னா. அப்பாடான்னு இருந்துச்சு. ரகசியத்தக் காப்பாத்துறதுல கெட்டிக்காரி.

ஆனா தெரு சும்மா இருக்குமா? கணக்குப் போட்டிருக்காங்க. மகனுக்குக் கல்யாணமாயிடுச்சு. பொண்ணு கிடையாது. வெள்ளையடிக்கிறாங்க. அண்டா குண்டான் பளபளங்குது. மங்கை புதுசா ரவிக்கை தைக்கக் குடுத்திருக்கா, வர்றவங்க முன்னாடி கிழிசலோட நிக்கக் கூடாதுல்ல, அதுக்கு. விசேஷமான்னு கேட்டா குனிஞ்சு சிரிக்கிறா. அப்ப என்ன? கலியபெருமாளுக்கு அறுபதாம் கல்யாணம்! தெரு முடிவு பண்ணிடுச்சு.

எனக்கு இது சத்தியமா தோணவே இல்ல. ஏன்னா என் சர்ட்டிபிகேட்டுப்படி அறுபது போன வருசமே முடிஞ்சுடுச்சு. அதுல இருக்குறது ஸ்கூல்ல சேத்தப்ப வாத்தியாரு தோராயமா போட்ட தேதி. நெசமா எந்த மாசம், என்ன நட்சத்திரம், அதெல்லாம் எனக்குத் தெரியாது. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட மங்கைதான் சொல்லுவா. நான் ரிட்டையர் ஆனப்பவே அவ ஆரம்பிச்சா, "எல்லாரும் பண்ணிக்கிறாங்க, நாமளும் அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கலாமா?"ன்னு. இந்த வயசுல மாலையப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னாடி உக்காரச் சொல்றியே, வெக்கமா இல்லயான்னேன். அதோட ஒண்ணு சொன்னேன். "ஒரு தடவதான் டிக்கெட் எடுத்தாச்சே மங்கை. ஒரே பயணத்துக்கு எவனாவது ரெண்டு டிக்கெட் எடுப்பானா?" எப்படி? பென்ஷன் விசயமா டிப்போவுக்குப் போனப்ப சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. மங்கை சிரிக்கல. "சரிங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுடுச்சு, வருசமும் ஓடிடுச்சு. தப்பிச்சேன்னு இருந்தேன்.

இதுக்கு நடுவுல பக்கிரிசாமி நல்ல பார்ட்டியா பிடிச்சுட்டான். நீடாமங்கலத்துல அரிசி மில் வச்சிருக்கறவரு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து வீட்டைப் பாத்தாரு. குழாயத் தொறந்தாரு, கொட்டுச்சு. தாப்பாளப் போட்டாரு, கச்சிதமா விழுந்துச்சு. நாங்க ஆம்பளைங்க விலை பேசிக்கிட்டிருந்தோம். அவரு அம்மாவும் மங்கையும் கொல்லைப் பக்கம் போனவங்க ரொம்ப நேரமா வரல. தண்ணி உப்பா, நல்ல தண்ணியான்னு விசாரிச்சிருப்பாங்க. வர்றப்ப அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு வந்துச்சு, கொல்லையில சுண்ணாம்பு கரைச்சு வச்சிருந்தோம், பட்டிருக்கும். விலை படிஞ்சுது. ஒரு நல்ல நாள்ல அட்வான்ஸ் குடுத்துடறேன்னாரு. "நல்ல நாள் பாரு மங்கை"ன்னேன். பஞ்சாங்கத்தப் புரட்டக்கூட இல்ல, டக்குனு ஆனியில ஒரு நாளச் சொன்னா. "இதைவிட நல்ல நாள் நமக்கு இனிமே வராதுங்க"ன்னா. அவ்வளவு ஞானம்.

அந்த நாளு வந்துச்சு. விடியும்போதே பையன் குடும்பத்தோட வந்து இறங்குறான். "அம்மா வரச் சொன்னுச்சு, கையெழுத்து போடறப்ப நானும் இருக்கணுமாம்"ங்கிறான். சரிதானே. பையில பாத்தா பட்டு வேட்டி, பட்டுப் புடவை. கையெழுத்துப் போட எதுக்குடா பட்டு வேட்டின்னேன். "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னுச்சு"ங்கிறான். பெரிய மனுசன் வீட்டுக்கு வர்றாரு, நல்லாத்தானே இருக்கணும்னு கட்டிக்கிட்டேன். வாசல்ல மாவிலைத் தோரணம், பெரிய கோலம். எல்லாம் மில்காரரை வரவேற்க.

கார் வந்து நின்னுது. மில்காரரு இறங்குறாரு, அவரு அம்மா இறங்குறாங்க. நான் கையக் கூப்பிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். பின்னாடி மேளச் சத்தம். பாத்தா தெருவே வருது தம்பி! தையல்நாயகி முன்னாடி தாம்பாளத்துல ரெண்டு மாலை ஏந்திக்கிட்டு வருது. பழத்தட்டு, பூத்தட்டு, வெத்தலை பாக்கு. நாயனக்காரரு. ஐயரு ஹோமத்துக்குச் செங்கல்லோட வர்றாரு. அவரை யாரு வரச் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. தெருக்காரங்க யாராவது சொல்லியிருப்பாங்க. நம்ம புரோக்கர் பக்கிரிசாமி, பொறந்த வீட்டுச் சீருன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல வர்றான்!

நான் அவனைத் தனியா இழுத்து, "யோவ், என்னய்யா இது?"ன்னேன். "மாப்ள, எனக்கும் இப்பத்தான் தெரியும். இப்ப நீங்க இல்லன்னு மறுத்தா, அப்ப எதுக்கு வெள்ளையடிச்சேம்பாங்க. வீடு விக்கிற சமாச்சாரம் சந்தி சிரிச்சுடும். பேசாம உக்காந்துடுங்க. மில்காரரை நான் பாத்துக்கறேன்"னான். சட்டுனு எப்படி யோசிக்கிறான் பாருங்க. நானும், ஒரு விசேஷம் இருக்குன்னு என் வாயாலயே சொல்லித் தொலைச்சிருக்கேன். வேற வழி? உக்காந்தேன்.

மங்கை அந்தப் பட்டைக் கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. அவளும் என்னைப் போலத்தான் திகைச்சுப்போயிருப்பா, பாவம். ஐயரு மந்திரம் சொல்லி, கலசத் தண்ணிய எங்க ரெண்டு பேரு தலையிலயும் ஊத்தினாரு. மகன் ஊத்தினான், மருமக ஊத்துச்சு, பேத்தி ஒரு சின்னச் சொம்புல ஊத்திட்டு சிரிச்சுது. தையல்நாயகி ஊத்துறப்ப மங்கை அது கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. நான் திரும்பி மங்கையப் பாத்தேன். தலையெல்லாம் நனைஞ்சு, நெத்தியில குங்குமம் கரைஞ்சு ஓடுது, சிரிக்கிறா. இத்தனை வருசத்துல நான் அவளை அவ்வளவு கிட்டத்துல பாத்ததே இல்ல போலருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு தம்பி. அறுபது வயசுல. நல்ல வேளை, மூஞ்சி பூரா தண்ணி, யாருக்கும் தெரியல.

தாலி கட்டி முடிஞ்சதும் வரிசையா கால்ல விழறாங்க. மில்காரரு ஓரமா நின்னு கடிகாரத்தப் பாக்குறாரு. அவரு அம்மா அவரைக் கூப்பிட்டு மெதுவா சொல்லுது, எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு. "ஏண்டா, மறுதாலி கட்டின எடம் இன்னும் ஈரம் காயல. இன்னிக்கே இவங்களை எந்திரிக்கச் சொல்லி நாம அட்வான்ஸ் குடுக்கிறதா? அந்த வீட்டுல நம்ம வெளக்கு எரியுமா? விழுந்து கும்பிட்டுட்டு வா, வேற எடம் பாப்போம்." மனுசன் அம்மா பேச்சைத் தட்டாதவரு. வந்து விழுந்தாரு. அட்வான்ஸுக்குக் கொண்டாந்த பணக்கட்டுலேருந்து கொஞ்சம் உருவி, தட்டுல மொய்யா வச்சாரு. பந்தியில உக்காந்து பாயசம் ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. அட்வான்ஸ் குடுக்க வந்தவரு மொய் வச்சுட்டுப் போனது இந்த ஊர்ல எங்க வீட்டுலதான் நடந்திருக்கும். கிளம்பறப்ப அவரு அம்மாவும் மங்கையும் ரொம்ப நாள் பழகினவங்க மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. பொம்பளைங்களுக்கு எங்க போனாலும் சிநேகிதம்.

காப்பி வந்துடுச்சு, எடுத்துக்குங்க தம்பி. மங்கை, இவருதான். என்ன தம்பி, அவளைப் பாத்து சிரிக்கிறீங்க? நீ ஏன் சிரிக்கிறே? சரி சரி, அடுப்புல என்னமோ வச்சிருக்கா, போயிட்டா.

அப்புறம் நானே முடிவு பண்ணிட்டேன், விக்க வேணாம்னு. மில்காரரு போனா வேற ஆளு இல்லாமலா? ஆனா யோசிச்சுப் பாத்தேன். குழாய் இருக்கு, தாப்பாள் இருக்கு, மேடை இருக்கு, ஒழுகல் இல்ல. இவ்வளவு நல்ல வீட்டை எவனாவது விப்பானா? மகனுக்கு போன் போட்டு கறாரா சொல்லிட்டேன். மங்கைகிட்டயும் சொன்னேன். "உங்க இஷ்டம்"னா. நான் எதைச் சொன்னாலும் அதான். பக்கிரிசாமிக்குத்தான் கமிஷன் போச்சு. கோவிச்சுக்குவான்னு பாத்தா சிரிச்சுக்கிட்டே வந்து விருந்து சாப்பிட்டுப் போறான். வேட்டி வேற எடுத்துக் குடுத்தா மங்கை. பாசக்காரப் பய.

வாங்க, கொல்லையையும் பாத்துட்டுப் போயிடுங்க. அதோ மதில்ல ஒரு ஓட்டை தெரியுதா? புயல்ல தென்னை விழுந்து செங்கல் பேந்த ஓட்டை. அந்தப் பக்கம் தையல்நாயகி வீடு. அது ஒண்ணுதான் இந்த வீட்டுல ரிப்பேர் பண்ணாதது. கொத்தனாரு சிமெண்டக் குழைச்சுக்கிட்டு வந்துட்டாரு, மங்கைதான், "அதை அடைக்காதீங்க, அது இருக்கட்டும்"னு திருப்பி அனுப்பிட்டா. வர்றவங்க என்ன நெனப்பாங்கன்னு நான்கூடக் கேட்டேன். "வர்றவங்களுக்கும் வேணும்"னா. எதுக்கு வேணும்? ஒரு கிண்ணம் போற அளவுக்குத்தான் இருக்கு. அதோ பாருங்க, பேசிக்கிட்டிருக்கும்போதே ஒரு கிண்ணம் வருது. தையலு, என்ன அது? வத்தக்குழம்பா? வச்சுட்டுப் போ, வர்றேன்.

கிளம்புறீங்களா? உக்காந்து சாப்பிட்டுப் போகலாமே. சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், படிச்ச புள்ளையா தெரியுறீங்க. எல்லாத்தையும் கண்டுபிடிச்சவனுக்கு இது ஒண்ணு மட்டும் இன்னும் விளங்கல.

தாலி முடிச்சுப் போட்டேன்ல, அப்ப மேளச் சத்தத்துல என் காதுகிட்ட குனிஞ்சு மங்கை சொல்றா, "என்னங்க, ரெண்டாவது டிக்கெட்டும் எடுத்துட்டேன். இனிமே பாதி வழியில என்னை இறங்கச் சொல்லாதீங்க." எனக்கு ஒண்ணும் ஓடல. கல்யாண மேடையில பஸ்ஸைப் பத்தி யாராவது பேசுவாங்களா? நானும், "ஏ மங்கை, என் சர்வீஸ்ல கையில டிக்கெட் வச்சிருந்தவங்கள ஒருத்தரைக்கூட நான் இறக்கி விட்டதில்ல"ன்னேன். உண்மையத்தான் தம்பி சொன்னேன். அதுக்கு, அத்தனை பேரு முன்னாடி, மாலையும் கழுத்துமா அப்படி அழுவுறா. நீங்களே சொல்லுங்க, இதுல அழறதுக்கு என்ன இருக்கு?